ஈடிபஸ் பண்ண தப்புதான் என்ன? (ட்ராஜடி பத்தி சந்தேகம், தெரிஞ்சவங்க உதவுங்க)

#1 அரியர் அண்ணாச்சி

எல்லாருக்கும் வணக்கம். தபால்வழில எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கேன், வயசு 43, யாரும் சிரிக்கக்கூடாது. அடுத்த மாசம் டிராமா பேப்பர். நம்மகிட்ட இருக்க கைடுல ட்ராஜடிக்குன்னு ஒரே பதில்தான் போட்டுருக்கு, எந்தக் கேள்வி வந்தாலும் இதையே எழுதிட்டு வந்துருங்க அண்ணாச்சின்னு கடைக்காரரே சொல்லிக் குடுத்தாரு. கிரேக்க நாடகத்துல ஹீரோவ அழிக்கது விதி, ஷேக்ஸ்பியர்ல அழிக்கது அவன் குணம், இப்சனுக்கு அப்புறம் அழிக்கது சமூகம். அம்புட்டுதான். அதுபோக ஹமார்ஷியான்னா ட்ராஜிக் ஃப்ளா, அதாவது ஹீரோவக் கவுக்குத குணக்கேடு, ஈடிபஸுக்குத் தலைக்கனம், மேக்பத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஹாம்லெட்டுக்குத் தள்ளிப்போடுத புத்தி. எல்லாம் மனப்பாடம்.

பிரச்சனை என்னன்னா பஸ்ல போகையில சோபக்ளிஸ் எழுதின ஈடிபஸ் நாடகத்த நிஜமாவே படிச்சுத் தொலைச்சிட்டேன். படிச்சா அந்த மனுசன் என்ன தப்பு பண்ணான்னே விளங்கல. அப்பனக் கொன்னு ஆத்தாளக் கட்டுவான்னு ஆரம்பத்துலயே குறி சொல்லியாச்சு. அவனும் அது நடக்கக்கூடாதுன்னுதான் வளத்த ஊர விட்டே ஓடுதான். இதுல தலைக்கனம் எங்க வந்துச்சு? கனம் இல்லாம இருந்தா மட்டும் தப்பிச்சிருப்பானா?

#2 சோளக்கொல்லை பொம்மை

அண்ணாச்சி, பரீட்சைக்கு கைடுல இருக்கறத எழுதுங்க, மார்க் விழும். ஆனா தலைக்கனம் இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. குறி சொல்ற தீரேசியஸ் கிழவர் உண்மைய சொல்றார், இவன் அவர திட்றான். மச்சான் கிரெயோன் சதி பண்றான்னு சந்தேகப்பட்டு மரண தண்டனைங்கற அளவுக்குப் போறான். முச்சந்தில வழி விடலன்னு ஒரு கிழவனையும் கூட வந்தவங்களையும் போட்டுத் தள்றான். கோவம் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா அங்க கொலையே நடந்திருக்காதே?

#3 சைடுவிங்

பொம்மை, அந்த முச்சந்திய இன்னொரு தடவ படிங்க. தேர்ல வந்தவங்கதான் முதல்ல இவன வழிய விட்டுத் தள்றாங்க. இவன் தள்ளின தேரோட்டிய அடிக்க, தேர்ல இருந்த கிழவர் தார்க்குச்சியால இவன் மண்டையில அடிக்கிறார். இவன் திருப்பி அடிக்கிறான். அந்தக் காலத்து ஆளுங்க அதப் பெரிய குத்தமாவே நினைக்கமாட்டாங்க. அப்பன்னு தெரியாது, அதான் விஷயமே.

ஹமார்ஷியாங்கற வார்த்தைக்கு அடியில இருக்கற வினைச்சொல்லுக்கு அம்பு குறி தப்பிப் போறதுன்னும் அர்த்தம் உண்டு. அரிஸ்டாட்டில், ட்ராஜடி பத்தி எழுதின பொயட்டிக்ஸ்ங்கற நூல்ல, ரொம்ப நல்லவன் விழறதும் சரியில்ல, அயோக்கியன் விழறதும் சரியில்ல, நடுவுல இருக்கற ஒருத்தன் கெட்ட குணத்தால இல்லாம ஒரு ஹமார்ஷியாவால விழணும்னு சொல்றார். கெட்ட குணத்தால இல்லன்னு அவரே தெளிவா சொன்னதுக்கு அப்புறமும் நம்மாளுங்க அத குணக்கேடுன்னு மொழிபெயர்த்து வச்சிருக்காங்க. தெரியாம பண்ற பெரிய தப்பு, ஆள் மாறிப்போறது, கணக்கு பிசகறது, இந்த மாதிரிதான் எடுத்துக்கணும். டாட்ஸ்னு ஒரு கிரேக்கப் பேராசிரியர் 1966லயே இதப்பத்தி எழுதினார், ஸ்டூடண்ட்ஸ் எழுதின பதில்களப் பாத்து நொந்துபோய் எழுதின கட்டுரை அது. உங்க கைடு அத எட்டிக்கூடப் பாக்கல போல.

அதவிட முக்கியமா எனக்குத் தோணறது, ஈடிபஸ விசாரிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல. ஊர்ல கொள்ளைநோய், ஜனங்க வாசல்ல வந்து உக்காந்து அழறாங்க, ராஜாவா லட்சணமா விசாரிக்கறான். ஊர மிரட்டிட்டு இருந்த ஸ்பிங்ஸ் பூதத்தோட விடுகதைய அவிழ்த்த அதே மூளைதான் அவனையும் அவிழ்க்குது. அவன்கிட்ட இருந்த நல்ல குணம்தான் அவனக் கவுத்துச்சு. இத ஃப்ளான்னு எப்படிச் சொல்றது?

#4 குதர்க்கம்

எதுக்கு இவ்ளோ பில்டப்? ட்ராஜடின்னா சோகக் கதை. கடைசில ஹீரோ செத்தா ட்ராஜடி, கல்யாணம் ஆனா காமெடி. முடிஞ்சுது. அரிஸ்டாட்டில் கதார்சிஸ்னு ஒண்ணு சொல்வாராமே, இரக்கமும் பயமும் வந்து மனசு சுத்தமாகறதாம், வைத்தியத்துல அதுக்கு பேதி குடுக்கறதுன்னு அர்த்தமாமே. அழுது பேதி ஆகறதுக்கு 2500 வருஷமா டிக்கெட் வாங்கிட்டு இருக்கோம்.

#5 சைடுவிங்

பேதி மேட்டர் உண்மைதான், வைத்தியத்துல அந்த வார்த்தைய அப்படித்தான் புழங்கினாங்க. ஆனா அத அவர் எங்கயும் விளக்கல. பாலிடிக்ஸ் புத்தகத்துல, இத அப்புறம் கவிதை பத்தின நூல்ல விவரமா சொல்றேங்கறார். நம்ம கைக்கு வந்த பொயட்டிக்ஸ்ல அந்த விவரம் இல்ல. ஒரு வரி மட்டும் இருக்கு, அத வச்சு ஆளாளுக்கு நூத்துக்கணக்குல புத்தகம் போட்டாச்சு.

செத்தாதான் ட்ராஜடிங்கறது தப்பு. ஈஸ்கிலஸ் கிமு 458ல போட்ட ஒரெஸ்டியா மூணு நாடகத்துல மூணாவது கடைசில கோர்ட் வச்சு தீர்ப்பு சொல்லி, பழிவாங்க வந்த தேவதைங்களுக்கே ஊருக்குள்ள இடம் குடுத்து ஊர்வலமா கூட்டிட்டுப் போறாங்க. சுபம். யூரிபிடிஸோட ஹெலன், அயோன் எல்லாம் நல்லபடியாத்தான் முடியுது. அவங்களுக்கு அதுவும் ட்ராஜடிதான். ட்ராகோடியான்னா ஆட்டுப் பாட்டு. ஆடு எப்படி உள்ள வந்துச்சு, பரிசா வந்துச்சா பலியா வந்துச்சான்னு இன்னும் சண்டை ஓயல.

#6 பழைய பேப்பர்

குதர்க்கத்துக்கு ஒரு நல்ல கதை இருக்கு. கிமு 494ல மிலேட்டஸ்னு ஒரு ஊர பெர்சியாக்காரன் பிடிச்சு நாசம் பண்ணிட்டான், ஏதென்ஸ்காரங்களுக்கு அது சொந்தக்கார ஊரு மாதிரி. கொஞ்ச காலத்துல ஃபிரினிகஸ்னு ஒரு நாடகக்காரர் அதையே நாடகமா போட்டுட்டார், மொத்தக் கூட்டமும் தேம்பித் தேம்பி அழுதுருக்கு. பரிசு குடுத்தாங்களா? ஆயிரம் டிராக்மா அபராதம். நம்ம வீட்டு எழவ எங்களுக்கே ஞாபகப்படுத்துறியான்னு. அந்த நாடகத்த இனி யாரும் போடக்கூடாதுன்னும் தடை. ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்கார்.

அழவைக்கறது மட்டும்தான் ட்ராஜடி வேலைன்னா அந்தாளுக்குல்ல மொத பரிசு போயிருக்கணும்.

இதுக்கு அடுத்த பாகம் இன்னும் நல்லாருக்கும். கிமு 480ல சலாமிஸ் கடல் சண்டைல பெர்சியாக்காரன ஏதென்ஸ் ஓட ஓட விரட்டுது. எட்டு வருஷம் கழிச்சு 472ல ஈஸ்கிலஸ் பெர்சியர்கள்னு நாடகம் போடறார். அவரே பெர்சியாவோட மாரத்தான்ல சண்டை போட்ட ஆளு, கூடப்பொறந்தவன் அதே சண்டைல செத்தவன். அப்படிப்பட்டவர் கதைய எங்க வைக்கிறார்னா எதிரியோட அரண்மனைல. எதிரி ராஜாவோட அம்மா புள்ளைக்காக பதறுது, தோத்துப்போன ராஜா கிழிஞ்ச துணியோட வர்றான். பாக்கறது ஜெயிச்ச ஊரு. முழுசா நம்ம கைக்குக் கிடைச்ச நாடகத்துலயே பழசு இதான். செலவு ஏத்துக்கிட்டவன் பின்னாடி ஏதென்ஸுக்குத் தலைவரான பெரிக்ளிஸ், அப்ப இளவட்டம்.

தன் வீட்டு எழவப் போட்டா அபராதம், எதிரி வீட்டு எழவப் போட்டா பரிசு. இத சும்மா வெறுப்புன்னும் தள்ள முடியல, ஏன்னா அந்த நாடகம் எதிரிய நக்கல் பண்ணல. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாதான் இரக்கமும் பயமும் ஒண்ணா வரும்போல. ரொம்பப் பக்கத்துல வச்சா வெறும் ஒப்பாரிதான் மிஞ்சும்.

#7 அரியர் அண்ணாச்சி

யப்பா, கைடுல இதுல ஒரு வரி கிடையாதுவே. சரி அப்ப விதி, குணம், சமூகம்ங்கதும் பொய்யா?

#8 சைடுவிங்

முழுப்பொய்னு சொல்லமாட்டேன். சோம்பேறி உண்மை. மீடியாங்கற பொம்பளையப் பத்தின நாடகத்த எடுத்துக்கோங்க. கிமு 431, யூரிபிடிஸ். அதுல விதி எங்க இருக்கு? ஒரு குறியும் கிடையாது சாபமும் கிடையாது. புருஷன் இன்னொருத்திய கட்டறான், இவ யோசிச்சு, தனக்குத்தானே பேசி, வேணாம்னு பின்வாங்கி, மறுபடி முடிவு பண்ணி, பெத்த புள்ளைங்களையே கொல்றா. கடைசில சூரியனோட தேர்ல ஏறி தண்டனையே இல்லாம பறந்து போயிடறா. கிரேக்கம்னா விதிங்கற சூத்திரத்துல இவள எங்க வைப்பீங்க? அந்த வருஷம் போட்டில மூணு பேரு, இவருக்கு மூணாவது இடம்.

அந்தப் பக்கம் மேக்பத். குணம்தான்னா ஆரம்பத்துலயே மூணு சூனியக்காரிங்க எதுக்கு வந்து நிக்கறாங்க?

எனக்குத் தெரிஞ்சு ட்ராஜடி மாறினது தத்துவத்தால மட்டும் இல்ல. மேடைல எத்தன பேர் நிக்கலாம், வெளிச்சம் எங்கருந்து வருது, யாரு காசு குடுக்கறா, இதால மாறினதுதான் பாதிக்கு மேல. கைடு எழுதறவங்க நாடகத்த எப்பவுமே புத்தகமாத்தான் பாக்கறாங்க, அதான் வினை.

ஒரு உதாரணம் சொல்றேன். முதல்ல கோரஸும் (கூட்டமா பாடி ஆடறவங்க) ஒரே ஒரு நடிகரும்தான். ஈஸ்கிலஸ் ரெண்டாவது நடிகர கொண்டு வந்தார், சோபக்ளிஸ் மூணாவத, இது அரிஸ்டாட்டிலே சொல்றது. மூணு பேர்தான், அதுக்கு மேல கிடையாது, எல்லாரும் ஆம்பளைங்க, எல்லாருக்கும் முகமூடி. இப்ப ஈடிபஸ்ல கொரிந்த்லருந்து ஒரு கிழவன் வர்றான் பாருங்க, உங்கப்பா பாலிபஸ் செத்துட்டார் நீதான் ராஜான்னு நல்ல சேதியோட. ஈடிபஸுக்கு அப்பாடான்னு இருக்கு, அப்பனக் கொல்ற பயம் போச்சு. ஆனா அம்மா உயிரோட இருக்காளேன்னு இழுக்கறான். கிழவன் அந்த பயத்தையும் போக்கறேன்னு, அட நீ அவங்க பெத்த புள்ளையே இல்லப்பா, நான்தான் மலைல ஒரு ஆட்டுக்காரன்கிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தேன், காலு ரெண்டும் குத்திக் கட்டியிருந்துச்சுங்கறான். நல்லது பண்ண வந்தவன் வாயாலயே வீடு இடியுது.

இந்த நேரம் பூரா ஜொகாஸ்டா அங்கயே நிக்கறா, ஈடிபஸோட பொண்டாட்டி, பெத்தவளும் அவதான். அறுபது வரிக்கு மேல அவ வாயே திறக்கல. இவங்க ரெண்டு பேரும் கேள்வி பதிலா போயிட்டு இருக்காங்க, பாக்கறவங்க கண்ணு மட்டும் அவமேல. அவளுக்குப் புரிஞ்சிருச்சு, அவனுக்குப் புரியல. மூஞ்சில முகமூடி, அதனால முகபாவம் காட்டவும் வழியில்ல. சும்மா நிக்கறதுதான் நடிப்பு. ரெண்டே நடிகர் இருந்த காலத்துல இந்த சீன எழுதவே முடியாது. மூணாவது ஆள் வந்ததாலதான் பேசற ரெண்டு பேருக்கு நடுவுல பேசாத ஒருத்தி நிக்க முடிஞ்சுது.

#9 வல்லை வெளி

நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இழையை முதல்ல இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன், நல்லாயிருக்கு. ஈடிபஸைவிட எங்களுக்கு அன்ரிகனிதான் நெருக்கம். ஒரு அண்ணன்ரை உடலை மண்ணில போடவிடாமல் அரசாங்கம் மறிக்குது, தங்கச்சி ஒரு பிடி மண்ணாவது தூவுவன் எண்டு நிக்கிறாள். இதை நாங்கள் வாசிக்கேக்க பாடப்புத்தகமாய் வாசிக்க ஏலாது, அவ்வளவுதான் சொல்லுவன்.

ஜெர்மன் தத்துவக்காரர் ஹெகல் சொன்னதை எல்லாரும் சொல்லுவினம்: ரெண்டு பக்கமும் நியாயம், குடும்ப நியாயமும் அரச நியாயமும் மோதுது எண்டு. எனக்கு அது பாதிதான் சரி. நாடகம் முழுக்கப் பாத்தால் கடைசியில் எல்லாத்தையும் இழந்து நிக்கிறவன் மறிச்ச அரசன் கிரெயோன். ஒரு சின்ன இடம் பாருங்கோ. அவன் மனம் மாறின பிறகு கோரஸ் சொல்லுது, போய் முதல்ல உயிரோட குகைக்குள்ள அடைச்சு வைச்ச அன்ரிகனியை விடு, பிறகு செத்தவனுக்குக் கல்லறை கட்டு எண்டு. அவன் போறான், ஆனால் ஒழுங்கை மாத்திப்போட்டான். முதல்ல உடலைக் கழுவி எரிச்சு மண்மேடு போட்டிட்டு, பிறகுதான் குகைக்குப் போறான். அதுக்குள்ள அவள் தூக்குப்போட்டிட்டாள். அவன்ரை மகனும் அவன் கண் முன்னால வாளைப் பாய்ச்சிச் சாகிறான், வீட்டில மனிசியும்.

இவ்வளவு நாளும் செத்தவனுக்கு மரியாதை குடுக்கமாட்டன் எண்டவன், கடைசியில அதைச் சரியாச் செய்யப்போயே உயிரோட இருந்தவளை விட்டிட்டான். இது விதியோ குணமோ சமூகமோ, நீங்களே சொல்லுங்கோ.

#10 சோளக்கொல்லை பொம்மை

வல்லை, இந்த வரிசை மாறின விஷயத்த நான் கவனிச்சதே இல்ல. நாலு தடவ படிச்சிருக்கேன். வெக்கமா இருக்கு.

#11 குதர்க்கம்

சரி ஒத்துக்கறேன், கிரேக்கம் ஓகே. ஷேக்ஸ்பியர் என்ன பண்றார், கொலை நடந்த ராத்திரில குடிகார வாட்ச்மேன் வந்து மூத்திரம் போறத பத்தி ஜோக் அடிக்கறான். ஹாம்லெட்ல வெட்டியான் மண்டையோட்ட தூக்கிப் போட்டு காமெடி பண்றான். இதெல்லாம் கூட்டத்துக்கு மசாலா தூவுறது தானே?

#12 பழைய பேப்பர்

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கும் இதே கடுப்புதான். ஷேக்ஸ்பியர குடிகாரக் காட்டுமிராண்டிங்கற ரேஞ்சுக்குத் திட்டி வச்சிருக்கார். பிரெஞ்சுக்காரங்க லைன் வேற. ஒரே நாள், ஒரே இடம், ஒரே கதைன்னு சட்டம் போட்டு, அரிஸ்டாட்டில்தான் சொன்னார்னு அவர் தலைல கட்டிட்டாங்க. அவர் கதை ஒண்ணா இருக்கணும்னு அழுத்திச் சொன்னார், ஒரு நாள பத்தி போறபோக்குல ஒரு வரி. ஒரே இடம்னு சொல்லவே இல்ல, அது 1570ல இத்தாலிக்காரர் காஸ்டெல்வெட்ரோ கட்டி வச்ச சட்டம். 1637ல கார்னேய் லெ சித்ங்கற நாடகம் போட்டப்போ சட்டத்த மீறிட்டான்னு பெரிய பஞ்சாயத்து, பிரெஞ்சு அகாடமி வரைக்கும் போச்சு. ஆனா ரசீன் அந்தக் கூண்டுக்குள்ளயே நின்னு 1677ல ஃபேத்ர் எழுதினார். ரத்தம் தெரியாது, சத்தம் கிடையாது, புருஷனோட மூத்த தாரத்துப் புள்ளைமேல ஆசைப்பட்ட ஒருத்தி, அது தப்புன்னு அவளுக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியல. அவ்ளோதான் கதை.

இங்கிலீஷ்காரனுக்கு கிரேக்கத்தவிட செனிகாதான் வாத்தியார். ரோமன், நீரோவுக்குப் பாடம் சொன்னவர். ஆவி, பழி, புள்ளையக் கறியாக்கி அப்பனுக்கே பரிமாறுறது எல்லாம் அங்க இருக்கு. கிரேக்கத்துல சாவு பெரும்பாலும் உள்ளுக்குள்ள நடக்கும், தூதன் ஓடிவந்து சொல்வான், இல்லன்னா சக்கரம் வச்ச பலகைல பொணத்த வெளிய தள்ளிக் காட்டுவாங்க. லண்டன்ல மேடைலயே கண்ணப் புடுங்கிட்டாங்க.

#13 சைடுவிங்

அந்த வாட்ச்மேன் மசாலா இல்ல குதர்க்கம். நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து ராஜாவையே நக்கல் அடிச்சுட்டுப் போறது உங்களுக்கு வித்தியாசமா படாதுல்ல, அப்புறம் இது மட்டும் ஏன்? அந்த ராத்திரி கதவு தட்டற சத்தம் கேட்டுட்டே இருக்கு, உள்ள ரத்தக்கறை கழுவ டைம் வேணும், இவன் நான் நரகத்தோட வாசக்காவல்னு விளையாடிட்டு மெதுவா போறான். சிரிக்கறோம், சிரிக்கும்போதே அது நரகம்தான்னு நமக்கு மட்டும் தெரியுது.

ஷேக்ஸ்பியர் எவ்ளோ கொடூரமானவர்னு தெரியணும்னா கிங் லியர் நாடகம் போதும். லியர் உயிரோட இருக்கும்போதே கடைசிப் பொண்ணு கார்டீலியா சாகறது பழைய கதையில இல்ல. அவருக்கு முன்னாடியே லியர் பத்தி ஒரு நாடகம் இருந்துச்சு, 1605ல அச்சுல வந்துச்சு, அதுல கிழவனுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைச்சிரும், கடைசிப் பொண்ணும் உயிரோட இருப்பா. பாக்க வந்தவங்கள்ல கதை தெரிஞ்சவன் எல்லாம் எப்படியும் நல்லபடியா முடியும்னுதான் நின்னிருப்பான். தூக்கு உத்தரவ ரத்து பண்ண ஆள் ஓடுது, எல்லாரும் வாசலையே பாக்கறாங்க, கிழவன் பொண்ணத் தூக்கிட்டு வர்றான். கண்ணாடி குடுங்க மூச்சு படுதான்னு பாக்கறேங்கறான். இறகு அசையுதுங்கறான். அப்புறம் இந்த பட்டன கொஞ்சம் கழட்டி விடுங்கன்னு கேக்கறான், கழட்டினதுக்கு நன்றியும் சொல்றான். ராஜா. ஒரு பட்டன்.

இத ஜனங்களால தாங்க முடியல. 1681ல நேஹம் டேட்னு ஒருத்தர் மாத்தி எழுதினார். கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் லவ்வு, கோமாளி அவுட், கிழவன் பொழச்சுக்குவான், சுபம். சுமார் 150 வருஷம் இங்கிலாந்து மேடைல ஓடினது அதான். டாக்டர் ஜான்சன் அந்தக் கடைசிக் காட்சியப் படிச்சு அதிர்ந்துபோய், பதிப்பாசிரியரா திருத்த வேண்டி வந்தப்போதான் மறுபடி படிச்சேன்னு எழுதியிருக்கார். கோமாளி திரும்ப மேடை ஏறினது 1838ல.

#14 குதர்க்கம்

150 வருஷம் ஒரு நாடே க்ளைமாக்ஸ மாத்தி பாத்துச்சா? அப்ப நாம மட்டும்தான் அப்படின்னு திட்டிட்டு இருந்தேனே.

#15 ஏட்டுச்சுரைக்காய்

தமிழ்ல துன்பியல், அவலம்னு சொல்றோம், ரெண்டுமே எனக்குத் திருப்தி இல்ல. சோகத்த மட்டும் சொல்லுது. ஆனா தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல்ல அழுகைக்கு நாலு காரணம் சொல்லும், இளிவு (அவமானப்படறது), இழவு (இழக்கறது), அசைவு, வறுமை. இதுல அசைவுக்கு உரைகாரங்க சொல்றது, பழைய நிலை கெட்டு வேற மாதிரி ஆகி வருந்தறது. அரிஸ்டாட்டில் பெரிபெட்டீயான்னு சொல்ற தலைகீழ் திருப்பத்துக்கு இவ்ளோ பக்கத்துல ஒரு சொல் நம்மகிட்ட இருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, அது கவிதைல உணர்ச்சி எப்படித் தெரியும்ங்கற இலக்கணம், இது நாடகக் கட்டுமானம். இருந்தாலும் ஆர்தர் மில்லரோட சேல்ஸ்மேன் நாடகத்துக்கு இந்த நாலும் அப்படியே பொருந்தும்.

#16 சோளக்கொல்லை பொம்மை

சேல்ஸ்மேன் எப்படி ட்ராஜடி ஆகும்? விழணும்னா முதல்ல உயரத்துல இருக்கணும். அந்த சேல்ஸ்மேன் வில்லி லோமன் எந்த உயரத்துல இருந்தான்? வேலை போன கிழவன். பாவம்தான், ஆனா ட்ராஜடி இல்ல. விமர்சகர் ஸ்டெய்னர் 1961ல தி டெத் ஆஃப் ட்ராஜடின்னு ஒரு புத்தகமே போட்டார். நல்ல சட்டமும் நல்ல சாக்கடையும் வந்தா தீர்ந்துபோற பிரச்சனை ட்ராஜடி ஆகாது, ரசீனுக்கு அப்புறம் அது செத்துட்டு வருதுன்னு. நார்வேக்காரர் இப்சனோட கோஸ்ட்ஸ் நாடகத்துல பையனுக்கு அப்பன்கிட்டருந்து வந்தது சிஃபிலிஸ். 1943ல பென்சிலின் குடுத்து அத குணப்படுத்தியாச்சு. ஒரு ஊசில முடியற விஷயம்.

#17 பழைய பேப்பர்

உயரத்துல இருந்தாதான் விழ முடியும்ங்கறத 1731லயே ஒருத்தன் உடைச்சுட்டான், ஜார்ஜ் லில்லோ, லண்டன் வியாபாரி நாடகம், ஹீரோ கடைல வேலை கத்துக்கற பையன். ஜெர்மனில லெஸ்ஸிங் அத புடிச்சுக்கிட்டார். ப்யூக்னர் 23 வயசுல செத்துட்டார், வொய்ட்செக்க முடிக்கல, அதுல ஹீரோ சாதா சிப்பாய், காசுக்காக டாக்டர் சொன்னார்னு வெறும் பட்டாணி தின்னு பரிசோதனைக்கு உடம்ப வித்தவன். அது மேடை ஏறினது 1913லதான்.

பென்சிலின் பாயிண்ட் கேக்க நல்லாருக்கு, ஆனா கோஸ்ட்ஸ் வியாதி பத்தின நாடகம் இல்லயே. பையனோட அம்மா திருமதி ஆல்விங் புருஷனோட அசிங்கத்த வருஷக்கணக்கா மூடி வச்சு, பையன தூரமா அனுப்பி வளத்து, செத்த புருஷன் பேர்ல அனாதை இல்லமே கட்டறா. பாதிரியார் இன்சூரன்ஸ் வேணாம், கடவுள்மேல நம்பிக்கை இல்லன்னு ஜனங்க நினைப்பாங்கங்கறார். எரிஞ்சு போகுது. கடைசில பையன் சூரியன குடும்மான்னு முனகறான், அவ கையில மார்ஃபின் மாத்திரை, குடுப்பாளா மாட்டாளா தெரியாது, திரை. ஈடிபஸ் மாதிரியே எல்லாம் திரை தூக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு, இப்ப நடக்கறது தெரிஞ்சுக்கறது மட்டும்தான். பாரம்பரியமா வர்ற நோய்தான் இங்க, ஈடிபஸுக்கு டெல்ஃபி கோயில்ல சொன்ன குறி மாதிரி. சமூகம்னு சூத்திரம் போட்ட இடத்துல விதி திரும்பி வந்து உக்காந்திருக்கு.

வில்லி லோமனுக்கு வர்றேன். மில்லர் 1949 பிப்ரவரில நாடகம் மேடை ஏறின அதே மாசம் நியூயார்க் டைம்ஸ்ல சாதா மனுசனும் ட்ராஜடிக்கு லாயக்குதான்னு கட்டுரை எழுதினார். கட்டுரை என்னமோ கொஞ்சம் பிரசங்கம்தான், எனக்கு அது முக்கியம் இல்ல. முதலாளி ரூம் சீன் இருக்கு பாருங்க. வில்லிக்கு ஊர் ஊரா அலைய முடியல, உள்ளூர்லயே வேலை குடுன்னு கேக்க வந்திருக்கான். முதலாளி அவன் பொறந்தப்பவே தெரிஞ்ச சின்னப்பையன், புதுசா வாங்கின ரெக்கார்டர்ல தன் புள்ளைங்க குரல போட்டுக் காட்டிட்டு இருக்கான், இவன் பேச வாயெடுக்கும்போதெல்லாம் இரு இருங்கறான். அப்புறம் வில்லி பேரம் பேசறான். வாரத்துக்கு 65 டாலர் போதும்ங்கறான். பதில் வரல. 50ங்கறான். அப்புறம் 40. யாரும் கொறைக்கச் சொல்லல, அவனே கொறச்சுக்கறான். மூணு நம்பர்ல ஒரு மனுசன் எறங்கறான் பாருங்க, உயரம்னு தனியா ஒண்ணு எதுக்கு?

#18 சோளக்கொல்லை பொம்மை

65, 50, 40... ம். சரி. ஸ்டெய்னர முழுசா விடமாட்டேன், ஆனா இந்த சீனுக்கு பதில் இல்ல.

#19 ஏட்டுச்சுரைக்காய்

இளிவு.

#20 வல்லை வெளி

சைடுவிங் அக்கா, மூண்டு நடிகர் எண்டு சொன்னியள். ஒரு கேள்வி. ஜொகாஸ்டா உள்ள போன பிறகு ஆட்டுக்காரன் வாறான் தானே. அப்ப மேடையில ஈடிபஸும் நிக்கிறான், கொரிந்துக் கிழவனும் நிக்கிறான். அப்ப ஆட்டுக்காரனாய் வாறது ஆர்?

#21 சைடுவிங்

இதத்தான் யாராவது கேப்பீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்!! மீதி ரெண்டு பேரும் மேடைய விட்டுப் போகல, மூணு பேருக்கு மேல கிடையாது, அப்ப ஆட்டுக்காரனா வந்தது ஜொகாஸ்டாவா நடிச்ச அதே ஆளாத்தான் இருக்கணும்.

இது எனக்குப் புத்தகத்துல தெரிஞ்சது இல்ல. காலேஜ்ல நாங்க ஈடிபஸ் போட்டோம், நான் பிராம்ப்டர். சைடு விங்ல ஒரு ஜீரோ வாட் பல்பு, மடியில ஸ்கிரிப்ட், கொசு. ஷோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆட்டுக்காரனா நடிக்க வேண்டிய பொண்ணுக்கு அம்மை போட்டுருச்சு. வசனம் மனப்பாடமா தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்ல, ஜொகாஸ்டாவா நடிச்ச பொண்ணு நான்தான் சும்மா இருப்பேனே, நானே போறேன்னுட்டா. பட்டுப்புடவைமேல ஒரு கம்பளிய சுத்தி, ஹாஸ்டல் மாப் கம்ப கையில குடுத்து தள்ளி விட்டோம். ரிகர்சல்ல கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, குரல மாத்தவும் முடியல.

ஈடிபஸ் கைய முறுக்கிக் கேக்கறான், அந்தக் குழந்தைய உன்கிட்ட யாரு குடுத்தா, அவளா குடுத்தா? இவ அதே கட்டின குரல்ல சொல்றா, ஆமா ராஜா. எதுக்குக் குடுத்தா? கொல்றதுக்கு. பெத்தவளேவா? கெட்ட குறிக்கு பயந்து.

கொஞ்ச நேரம் முன்னாடி அறுபது வரி வாயே திறக்காம நின்னவ குரல் அது. முன் வரிசைல யாரோ அய்யோன்னாங்க. நான் அடுத்த வரி எடுத்துக் குடுக்கணும், விரல் வேற பக்கத்துல இருந்துச்சு. அன்னிக்கு நாங்க அதுக்கு எந்த விளக்கமும் வச்சிருக்கல, ஆள் பத்தாக்குறை, அவ்ளோதான். சோபக்ளிஸ் அத வேணும்னே அப்படி வச்சாரா இல்ல அவருக்கும் ஆள் பத்தாக்குறையான்னு யாருக்குத் தெரியும்.

#22 குதர்க்கம்

லைக் போட பட்டன் எங்கப்பா இருக்கு இந்த ஃபோரம்ல.

#23 அரியர் அண்ணாச்சி

அஞ்சு வாரம் கழிச்சு வாரேன், மன்னிக்கணும். பரீட்சை முடிஞ்சு போச்சு. நீங்க சொன்னதெல்லாம் நோட்டுல எழுதி, அறுபது வரி, மூணு நடிகர், கிரெயோன் வரிசை மாத்தினது, 65, 50, 40 எல்லாம் மண்டையில ஏத்திட்டுப் போனேன். கேள்வித்தாளத் திருப்பி திருப்பிப் பாக்கேன், ட்ராஜடியே இல்லவே. இருவது மார்க்கு கேள்வி ரெஸ்டோரேஷன் காலத்து (1660ல ராஜா திரும்பி வந்ததுக்கு அப்புறம்) நாடக ரசனை பத்தி எழுதுகன்னு.

நமக்கு அதுல ஒண்ணுமே தெரியாது. பக்கத்து பெஞ்சு பையன் அடிஷனல் ஷீட் வாங்கிட்டு இருக்கான். அப்பத்தான் 1681னு ஞாபகம் வந்துச்சு, நேஹம் டேட். கிழவனுக்கு ராஜ்யம் திரும்பக் குடுத்து, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சு, கோமாளிய வெளிய அனுப்பி மூணு பக்கம் எழுதிட்டு வந்துட்டேன். பட்டனையும் விடல.